உங்களுக்குத் தெரியுமா? டிசம்பர் இருட்டில் டொர்னாடோ வேட்டை!

டொர்னாடோ என்றால் கோடைக்கு முந்தைய சமாச்சாரம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? 2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. அமெரிக்கா முழுக்க கிறிஸ்துமஸ் விளக்குகள். அன்று மாலையில் தொடங்கி விடிவதற்குள் இறங்கிய டொர்னாடோக்கள் எத்தனை தெரியுமா? 70க்கும் மேல்!

குளிர்காலத்தில் எப்படி என்கிறீர்களா? குளிர் இருந்தால்தானே! அன்று டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் வெயில் 26 டிகிரி செல்சியஸ். அந்தத் தேதிக்கான பழைய சாதனையெல்லாம் காலி!

ஒரே ஒரு இடிமேகம். அது ஆர்கன்சாவில் கிளம்பியது. மிசௌரியைத் தொட்டது. டென்னசியைத் தாண்டியது. கென்டக்கியில் புகுந்தது. ஆக மொத்தம் நாலு மாநிலம்!

அந்த மேகம் முதலில் இறக்கிய டொர்னாடோ சுமார் 130 கி.மீ. ஓடி அடங்கியது. 'அப்பாடா' என்று மூச்சு விடுவதற்குள், சில நிமிடங்களில் அதே மேகத்திலிருந்து அடுத்தது. இது ஓடிய தூரம் 266 கி.மீ.! கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், தரையை விட்டு எழவே இல்லை!

கணக்குப் போட்டால் மணிக்கு 90 கி.மீ. வேகம். இது உள்ளே சுழலும் காற்றின் வேகம் இல்லை, டொர்னாடோ இடம்விட்டு இடம் நகர்ந்த வேகம்! குளிர்கால டொர்னாடோக்களுக்குக் காலில் சக்கரம். மேலே வீசும் காற்று அப்படித் தள்ளும். உள்ளே சுழன்ற காற்று? மணிக்கு சுமார் 300 கி.மீ.!

சரி, கும்மிருட்டில் இதை யார் பார்த்தது? ராடார் பார்த்தது!

ராடார் திரையில் பச்சை என்றால் காற்று ராடாரை நோக்கி வருகிறது. சிவப்பு என்றால் விலகிப் போகிறது. இரண்டு நிறமும் பளிச்சென்று ஒட்டி நின்றால்? அங்கே காற்று சுழல்கிறது!

இதைவிட அசத்தலான இன்னொரு திரை இருக்கிறது. காற்றில் பறப்பவை ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று அது காட்டும். மழைத்துளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதனால் திரை முழுக்கச் சிவப்பாகத் தெரியும். கூரைத் தகடு, பலகை, மரக்கிளை எல்லாம் கலந்து பறந்தால் அந்தச் சிவப்புக்கு நடுவே நீலமாக ஒரு ஓட்டை விழும். ஓட்டை விழுந்துவிட்டால் யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லவே வேண்டாம். டொர்னாடோ கீழே எதையோ நொறுக்கிவிட்டது என்று அர்த்தம்!

அன்று அந்தக் குப்பை எவ்வளவு உயரம் போனது தெரியுமா? 30,000 அடி! பயணிகள் விமானம் பறக்கிற உயரத்தில் யார் வீட்டுக் கூரையோ!

கூரை மட்டுமா? ஒரு போட்டோவும் பறந்தது. மறுநாள் காலை இந்தியானா மாநிலத்தின் நியூ ஆல்பனியில் ஒரு பெண்மணி தன் காருக்கு வருகிறார். கண்ணாடியில் ஏதோ காகிதம் ஒட்டியிருக்கிறது. எடுத்துப் பார்த்தால் கறுப்பு வெள்ளைப் படம். தலையில் துணி கட்டிய ஒரு பெண், மடியில் ஒரு பையன். திருப்பினால் பின்னால் கையெழுத்தில் பெயர்கள். கூடவே 1942 என்று ஆண்டு! ஃபேஸ்புக்கில் போட்டார். குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் ஊர் கென்டக்கியின் டாசன் ஸ்பிரிங்ஸ். படம் பறந்துவந்த தூரம் சுமார் 200 கி.மீ.!

அந்த டாசன் ஸ்பிரிங்ஸ் யார் ஊர் தெரியுமா? அப்போதைய கென்டக்கி ஆளுநர் ஆண்டி பெஷியரின் தந்தை வளர்ந்த ஊர். அந்தத் தந்தையும் முன்னாள் ஆளுநர்!

அதே 266 கி.மீ. டொர்னாடோவிடம் கென்டக்கியின் மேஃபீல்டு நகரம் இரவு ஒன்பதரை மணிவாக்கில் அடிபட்டது. நீதிமன்றக் கட்டடத்தின் மணிக்கூண்டு போயே போச்சு. அங்கே மெழுகுவத்தி ஆலை ஒன்றில் சுமார் 110 பேர் இரவு வேலையில் இருந்தார்கள். கட்டடம் மொத்தமாகத் தரைமட்டம். இடிபாட்டைப் பார்த்தவர்கள் பாதிப் பேராவது தேறுவார்களா என்று பதறினார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். சுமார் 100 பேர் உயிரோடு வந்தார்கள்!

மேஃபீல்டுக்கு அன்று வந்தது சாதாரண எச்சரிக்கை இல்லை. 'டொர்னாடோ எமர்ஜென்சி'! இருப்பதிலேயே உச்சபட்ச எச்சரிக்கை. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருந்து வந்ததில்லை. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் பூதாகாரமான டொர்னாடோ ஒன்று நகரத்தை நோக்கி வந்தபோது, பணியில் இருந்த வானிலையாளர்கள் அந்த நிமிடத்தில் உண்டாக்கியது!

எச்சரிக்கிறவர்களுக்கே எச்சரிக்கை வந்தால்? அதுவும் அதே இரவில் நடந்தது! செயின்ட் லூயிஸ் பகுதிக்கான தேசிய வானிலை அலுவலகத்துக்கு மிக அருகே ஒரு டொர்னாடோ கடந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிப்போய்ப் பதுங்க வேண்டியதாயிற்று!

இதற்கே வாயைப் பிளந்தால் எப்படி? அலபாமாவின் டிவி வானிலையாளர் ஜேம்ஸ் ஸ்பானைக் கேளுங்கள். அவர் கோட்டைக் கழற்றினால் மாநிலமே பதுங்கு அறைக்கு ஓடும். சட்டையும் சஸ்பெண்டருமாக நின்றால் நிலைமை மோசம் என்று குழந்தைக்கும் தெரியும்! 2021 மார்ச் 25. நேரலையில் டொர்னாடோவைத் தடம் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அது அடித்தது அவர் வீட்டையே! மனைவி பத்திரம் என்று தெரிந்ததும் மறுபடி கேமரா முன் வந்து நின்றுவிட்டார்!

ராடார் இருந்தும், எதுவும் நொறுங்கும் முன்பே சொல்ல மனிதக் கண் வேண்டும். 'ஸ்கைவார்ன்' திட்டத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் எத்தனை பேர்? மூன்றரை லட்சத்துக்கும் மேல்! சம்பளம்? பூஜ்யம்!

இருட்டில் அவர்களுக்கு டொர்னாடோ எப்படித் தெரியும்? ஒன்று, மின்னல். இன்னொன்று, அடிவானத்தில் பளிச் பளிச்சென்று வெடிக்கும் நீலப்பச்சை வெளிச்சம். மின்கம்பிகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் ஒவ்வொன்றாக அறுந்து வெடிக்கின்றன. அந்த வெளிச்சம் நகர்கிறது என்றால் டொர்னாடோ நகர்கிறது!

பகல் டொர்னாடோவைவிட இரவு டொர்னாடோ உயிர் குடிக்கும் வாய்ப்பு எத்தனை மடங்கு? இரண்டரை மடங்கு! தூங்குகிறவனுக்கு எந்தச் சங்கு கேட்கும்?

2008 பிப்ரவரி 5ஐ மறக்க முடியுமா? 24 மாநிலங்களில் அதிபர் வேட்பாளர் தேர்தல். ஓட்டு எண்ணும் இரவில் டொர்னாடோக்கள்! டென்னசியில் ஒரு வயலில் பொம்மை கிடப்பதாக நினைத்துத் தேடுதல் குழுவினர் குனிந்தார்கள். பொம்மை அசைந்தது. அது 11 மாதக் குழந்தை. உயிரோடு!

இப்படியெல்லாம் தடம் பிடிக்கிற அமெரிக்காவில் ஒரு காலத்தில் டொர்னாடோ வரும் என்று அரசு வானிலைத் துறை சொல்லவே கூடாது! ஜனங்கள் பீதியடைவார்களாம். இந்தக் கட்டுப்பாடு 1950 வரை நீடித்தது!

துணிந்து முதலில் சொன்னவர்கள் ராணுவத்தார். 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை டொர்னாடோ அடித்தது. ஐந்தே நாள். ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள், "இன்றும் வரும்" என்றார்கள். அதே தளத்தில், அதே மாலையில் வந்தது!

டொர்னாடோவின் பலத்துக்கு அளவுகோல் தந்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா. 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டு விழ வேண்டியது ஜப்பானின் கோகுராவில். அவர் இருந்தது அந்த நகரத்தின் அருகேதான்! வானம் மூடிக்கொண்டதால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. வானிலையால் பிழைத்தவர் வானிலையாளர்!

அவருக்கு 'மிஸ்டர் டொர்னாடோ' என்றே பட்டம். அளவுகோல் தந்தது 1971இல். வாழ்க்கையில் முதல் டொர்னாடோவை நேரில் பார்த்தது? 1982இல்!

மேஃபீல்டை அடித்த டொர்னாடோவுக்கு அந்த அளவுகோலின் புது வடிவில் கிடைத்த மதிப்பு 4. உச்சம் 5. அதைத் தொடக் காற்றின் வேகம் மணிக்கு 10 மைல் போலத்தான் குறைந்தது! இதைக் காற்றை அளந்து சொல்லவில்லை. வீடு, பள்ளி, மரம், கம்பம் என்று 28 வகைப் பொருள்கள் எப்படி உடைந்தன என்று நடந்து நடந்து பார்த்துச் சொல்வது!

1953 டிசம்பரில் மிசிசிப்பியின் விக்ஸ்பர்க் நகரைத் தாக்கிய டொர்னாடோ 38 உயிர்களைப் பறித்தது. டிசம்பர் மாதத்தில் அதுதான் மிகக் கொடியதாக இருந்தது. 2021இல் மேஃபீல்டு வழியே போன அந்த ஒரு டொர்னாடோ மட்டும் பறித்தது 57!

அத்தோடு விட்டதா என்றால், எங்கே விட்டது? ஐந்தே நாள் கழித்து, டிசம்பர் 15. கனடா எல்லையை ஒட்டிய மின்னசோட்டா மாநிலத்தில் பதிவேடு தொடங்கியதிலிருந்து டிசம்பரில் ஒரு டொர்னாடோகூட வந்ததில்லை. அன்று வந்தது! அக்கம்பக்கத்து மாநிலங்களையும் சேர்த்து அன்றைய எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? 120!