கேரட் கடிச்ச டிடெக்டிவ்!

கேரட்டைப் பார்த்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அல்வா? பொரியல்? 1985-ல் வீட்டில் டி.வி. வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'கரம்சந்த்!' என்பார்கள்.

தூர்தர்ஷனில் வந்த இந்தித் துப்பறியும் சீரியல் அது. ஹீரோ பங்கஜ் கபூர், கறுப்புக் கண்ணாடியும் கையுமாக வந்து 'கடக்'கென்று ஒரு கேரட்டைக் கடிப்பார். அசிஸ்டென்ட் கிட்டி வாயைத் திறந்தால், 'ஷட்டப் கிட்டி!' இந்தி தெரியாதவர்களுக்கும் கேரட் புரிந்தது! கொலை செய்தது யார் என்பதெல்லாம் மறந்து போச்சு. கேரட் மட்டும் மறக்கவில்லை.

அமெரிக்காவில் 1973-ல் ஆரம்பித்த தொடர் 'கோஜாக்'. நியூயார்க் போலீஸ் அதிகாரி. பளபள மொட்டை. வாயில்? குச்சி மிட்டாய்! அவராக நடித்த டெலி சவாலஸ் சிகரெட்டைக் குறைக்க நினைத்தார். சிகரெட் இருந்த இடத்தில் மிட்டாய் வந்து உட்கார்ந்தது. அதற்காக ரவுடிகள் யாரும் சிரிக்கவில்லை. பழையபடி நடுங்கத்தான் செய்தார்கள். (பதினொரு மணிக்கு 'தம்' போட டீக்கடைக்குக் கிளம்பும் நண்பர்கள் கவனிக்க!)

ஆனால், இந்த விஷயத்தில் குருநாதர் என்றால் லெப்டினன்ட் கொலம்போதான் (ஊர் இல்லை சார், ஆள்!). 1971-ல் தொடராக வர ஆரம்பித்த இந்த லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரரின் அடையாளம், ஒரு கசங்கின ரெயின்கோட். நடித்த பீட்டர் ஃபாக், தன் வீட்டிலிருந்தே கொண்டு வந்த சொந்தச் சரக்கு! கையில் சுருட்டு. ஓட்டை கார். குறிப்பெடுக்கப் பென்சில் இருக்காது. கொலைகாரனிடமே இரவல் கேட்பார். நடுநடுவே, 'என் பொண்டாட்டி அடிக்கடி சொல்லுவா சார்...' அந்த அம்மாளை அந்தத் தொடரில் கடைசி வரை கண்ணிலேயே காட்டவில்லை!

கொலைகாரர்களோ பெரும்பாலும் பணக்காரர்கள், படித்தவர்கள். 'இந்த ஆளா நம்மளைப் பிடிக்கப் போறான்?' என்று அலட்சியமாக இருப்பார்கள். கொலம்போவும் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு வாசல் வரை போவார். அப்பாடா என்று அவர்கள் மூச்சு விடுகிற நேரத்தில் திரும்பி, 'சார், இன்னும் ஒரே ஒரு விஷயம்...' தொலைந்தார்கள்!

இந்த வசனம் பிறந்ததே ஒரு சோம்பேறித்தனத்தில்தான். டி.வி. தொடராவதற்கு முன்னால் கொலம்போ மேடை நாடகமாக இருந்தபோது, ஒரு காட்சி நீளம் போதவில்லை. ஆனால், கொலம்போ ஏற்கெனவே வெளியே போயாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து டைப் அடிக்க அலுப்புப்பட்ட எழுத்தாளர்கள் லெவின்சனும் லிங்க்கும், போன ஆளையே திரும்ப வரவழைத்துவிட்டார்கள்!

கேரட்டும் மிட்டாயும் நாம் ரசிப்பதற்கு. கொலம்போவின் அசட்டுத்தனம் மட்டும் தொழில் ஆயுதம். எதிராளி நம்மை மட்டமாக நினைத்துவிட்டால் பாதி கேஸ் முடிந்த மாதிரி.

உங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். கசங்கின சட்டை, இரவல் பேனா, வாயைத் திறந்தால் வீட்டம்மா புராணம். கிண்டல் பண்ணுவதெல்லாம் சரி. ஆனால், அவர் வாசல் வரை போய்த் திரும்பி, 'சார், ஒரு சின்ன சந்தேகம்...' என்று தலையைச் சொறிந்தால், நீங்கள் போன மாசம் கொடுத்த டி.ஏ. பில்லை ஒருதரம் சரிபார்த்துக்கொள்வது நல்லது!