நிலைநிறுத்திய வெம்மை

ருபிடியம்-87 அணுவின் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எதிர்மின்னி உள்ளது. அதன் தற்சுழற்சி அணுக்கருவின் தற்சுழற்சியோடு இசைந்து நிற்கும் நிலைக்கும் முரணி நிற்கும் நிலைக்கும் இடையே மிகச் சிறிய ஆற்றல் வேறுபாடு நிலவுகிறது. அவ்வேறுபாட்டுக்கு ஒத்த நுண்ணலை நொடிக்கு 683 கோடியே 46 இலட்சத்து 82 ஆயிரத்து 610 முறை அதிர்கிறது. படிக அலையியற்றி ஒன்றை இந்த அதிர்வோடு பூட்டி, நொடிக்கு ஒரு கோடி அலைவுகளைத் தரச் செய்வதே ருபிடியம் அதிர்வெண் செந்தரம். கைப்பேசிக் கோபுரங்களில் பணியாற்றி ஓய்ந்த எல்.பி.ஆர்.ஓ-101, எஃப்.இ-5680ஏ போன்றவை இன்று ஆர்வலர்களின் வீட்டு மேசைகளுக்கு வந்து சேர்கின்றன. வந்ததும் எழும் முதல் சிக்கல் வெப்பம்.

தனித்து நிற்கும் அணு வெப்பமானியைப் பார்த்து அதிர்வதில்லை. ஆனால் இக்கருவியில் அணு தனித்து நிற்பதில்லை. கண்ணாடிக் கலத்தின் சுவரில் மோதினால் அணு தன் நிலையை இழந்துவிடும். அதைத் தடுக்கக் கலத்தினுள் நைட்ரசன், ஆர்கான் போன்ற வளிமங்களை நிரப்புகிறார்கள். காவலுக்கு வைத்த வளிமமே அதிர்வெண்ணையும் நகர்த்துகிறது. நைட்ரசன் அதை உயர்த்தும், ஆர்கான் தாழ்த்தும். வெப்பநிலை மாறும்போது அவை தரும் நகர்வுகளும் எதிரெதிர்த் திசைகளிலேயே செல்லும். ஆகவே இரண்டையும் தக்க அளவில் கலந்து, இயங்கு வெப்பநிலைக்கு அருகே இம்மாற்றங்கள் ஒன்றையொன்று நீக்குமாறு அமைப்பார்கள். கலத்தை ஏறத்தாழ 70 முதல் 80 செல்சியசு பாகையிலும், ஒளி தரும் ருபிடியம் விளக்கை 100 பாகைக்கு மேலும் வைத்திருக்கத் தனித்தனி வெப்பமேற்றிகள் உண்டு. விளக்கின் ஒளிச்செறிவு மாறினாலும் அதிர்வெண் சற்றே இடம்பெயரும். இத்தனை எதிர்விசைகளும் கழிந்த பின் எஞ்சும் மிச்சமே கருவியின் வெப்பநிலைச் சார்பு. ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரு கருவிகளில் அது வெவ்வேறு அளவினதாக, சிலவேளை வெவ்வேறு குறியினதாகவும் இருப்பதில் வியப்பில்லை.

எல்.பி.ஆர்.ஓ கருவிக்கு, அடித்தட்டு −30 பாகையிலிருந்து 70 பாகை வரை மாறும்போது அதிர்வெண்ணில் ஆயிரம் கோடியில் மூன்று பங்கு மாற்றம் எனக் குறிப்பர். அதைப் பாகைக்கெனப் பகிர்ந்தால், அடித்தட்டின் 10 பாகை மாற்றம் பத்தாயிரம் கோடியில் மூன்று பங்காகும். அது ஒரு நாள் முழுதும் நீடித்தால் நேரத்தில் ஏறத்தாழ 2.6 மைக்ரோநொடிப் பிழை சேரும். கருவியின் உள்ளார்ந்த இரைச்சலோ சில நிமிடங்களைச் சராசரியாக்கினாலே அந்த அதிர்வெண் மாற்றத்தில் முப்பதில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். எனவே நீண்ட பொழுதில் நாம் அளப்பது பெரும்பாலும் அறையின் பகலையும் இரவையுமே.

தொட்டால் சுடும் பெட்டியைக் கண்டதும் பெரிய வெப்பவிறக்கியும் முழு வேக விசிறியும் பொருத்துவது பலரின் முதல் வினை. கருவி குளிரும், ஆனால் அடித்தட்டு முன்னினும் நெருக்கமாக அறையைப் பின்தொடரும். குளிர்வித்தல் எவ்வளவு திறமானதோ அவ்வளவுக்கு அறையோடு உறவும் இறுகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தடித்த அலுமினியத் தட்டை மட்டும் நம்புவதும் அரைத் தீர்வே. ஒரு மணி நேரக் காலமாறிலி, கால் மணிக்கு ஒருமுறை இயங்கி நிற்கும் குளிர்பதனியின் அலையை இருபத்தைந்தில் ஒன்றாகத் தணிக்கும். பகலிரவு அலையிலோ நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கையே குறைக்கும். பஞ்சுறையால் போர்த்தவும் இயலாது. உள்ளே ஓயாது பிறக்கும் பத்துப் பன்னிரண்டு வாட் வெப்பம் கருவியையே வேகவைக்கும்.

அந்த வெப்பத்தையே கருவியாகக் கொண்டு, வெளியேறும் அளவை மட்டும் ஆளுவதே என் கணிப்பில் சிறந்த வழி. அடித்தட்டின் இலக்கை 45 முதல் 50 பாகைக்குள் வைக்கலாம். கோடை அறையின் உச்சத்துக்கு அது போதிய அளவு மேலே இருக்க வேண்டும். இல்லையேல் விசிறி முழு வேகத்தில் ஓடியும் பயனிராது. கலத்தின் வெப்பநிலையை நெருங்கவும் கூடாது; வெப்பமேற்றிக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. தெர்மிசுட்டர் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் தடை மாறுவதால் தட்டின் வெப்பநிலையை அளக்க ஏற்றது. அதை வெப்பவிறக்கியின் நுனியில் ஒட்டாமல், கருவிக்கு அண்மையில் தட்டில் துளையிட்டுப் பதிக்க வேண்டும். இலக்குக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஏற்ற விகித வினையும், மெல்லச் சேரும் தொகை வினையும் விசிறியின் வேகத்தை ஆண்டால் போதும். மிகக் குறைந்த வேகத்தில் விசிறி நின்றுவிடும் என்பதை மறந்தால், அது நின்றும் ஓடியும் வெப்பநிலையை ஊசலாட்டும். விசிறியின் காந்தம் கலத்தின் காந்தப் புலத்தையும், அதன் அதிர்வு படிகத்தையும் தொடக்கூடும். சற்றுத் தள்ளி வைத்துக் குழாய்வழி காற்றைச் செலுத்துவது நன்று.

வென்றோமா என்பதை மேசைமேல் இருந்தே அறிய முடியாது. ஜி.பி.எஸ். ஏற்பி தரும் நொடித் துடிப்போடு பல நாட்கள் ஒப்பிட்டு, அதிர்வெண் வரைவையும் வெப்பநிலை வரைவையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பகலிரவு அலை மறைந்ததும், அதுவரை ஒளிந்திருந்த வேறொன்று தலைகாட்டலாம்: வளிமண்டல அழுத்தம். அழுத்தம் மாறக் கலத்தின் கண்ணாடி மிக நுண்ணியதாக வளைகிறது. உள்ளிருக்கும் வளிமத்தின் அடர்த்தி மாறி அதிர்வெண் நகர்கிறது. இதற்கு விசிறி உதவாது. அழுத்தமானியின் அளவீட்டைக் கொண்டு கணக்கில் திருத்தலாம். அல்லது காற்றுப்புகாப் பேழைக்குள் கருவியை வைத்து, வெப்பத்தைப் பேழையின் சுவர் வழியே கடத்தி, விசிறியை வெளியே நிறுத்தலாம்.