அலமாரியில் கிடந்த வாக்காளர் அட்டை

2019-ல் ஆஸ்லோவில் எங்க வீட்டுக்கு ஒரு வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. 'நம்மகிட்ட இருக்கிறது இந்தியப் பாஸ்போர்ட், தப்பா அனுப்பிட்டாங்க போல' என்று நினைத்து, வரிக் காகிதங்களோடு சேர்த்து அலமாரியில் போட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் இந்த நகரத்தின் துணை மேயராக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண், கம்ஷாயினி குணரத்தினம்.

1988-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மூன்று வயதில் குடும்பத்தோடு நார்வே வந்தார். தொழிலாளர் கட்சியின் இளைஞர் அணியில் வேலை செய்து, 2007-ல் தனது 19-வது வயதிலேயே ஆஸ்லோ நகர மன்றத்துக்குத் தேர்வானார். மொத்தம் 59 பேர் கொண்ட மன்றம் அது.

2011 ஜூலை 22 அன்று உட்டோயா தீவில் அந்த இளைஞர் அணியின் கோடை முகாம் நடந்துகொண்டிருந்தது. வலதுசாரித் தீவிரவாதி ஒருவன் உள்ளே புகுந்து சுட்டதில் தீவில் மட்டும் 69 பேர் இறந்தார்கள். முகாமில் இருந்த கம்ஷாயினி ஏரியில் குதித்து, நீந்தி உயிர் பிழைத்தார். அதற்குப் பிறகும் அவர் அரசியலை விட்டு ஒதுங்கவில்லை. 2015-ல், 27 வயதில் துணை மேயர். 2021-ல் நாடாளுமன்ற உறுப்பினர்.

இதில் என்னை யோசிக்க வைத்தது அந்த 19 வயதுதான். அந்த வயதில் நான் பொறியியல் கல்லூரியில் இருந்தேன். "அரசியல் கிரசியல்னு போனா படிப்பு கெட்டுப் போயிடும்" என்பது அப்பா அடிக்கடி சொன்ன வாக்கியம். நானும் கேட்டு நடந்தேன்.

அட்டை விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். குடியுரிமை இல்லாவிட்டாலும், நார்வேயில் மூன்று வருஷம் தொடர்ச்சியாகச் சட்டப்படி வசித்தவர் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். சக ஊழியர் ஒருவர் மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னார். அதற்குள் தேர்தல் முடிந்திருந்தது. மழலையர் பள்ளி, ஆரம்பப் பள்ளி, முதியோர் பராமரிப்பு எல்லாமே இங்கே நகராட்சியின் பொறுப்பு. மகளுக்கு மழலையர் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்று வருஷம் முழுக்கப் புலம்பிய நான், கேள்வி கேட்க வேண்டிய நாளில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

2023-ல் மகளையும் கூட்டிக்கொண்டு போய் வாக்களித்தேன். வாக்குச்சீட்டில் நமக்குப் பிடித்த வேட்பாளர்களின் பெயருக்கு முன்னால் குறியிட்டு, தனி வாக்கும் தரலாம். அதை அவளிடம் காட்டினேன்.

அவளுக்கு இப்போ பத்து வயசு. போன வாரம் வந்து, "அப்பா, ஸ்கூல் மாணவர் மன்றத்துக்கு நான் நிக்கப் போறேன்" என்றாள். அப்பாவின் அந்தப் பழைய வாக்கியம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "சரிடா, என்ன பேசப் போற?" என்று கேட்டேன்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2027-ல். ஸ்வீடனிலும் இதே மூன்று வருஷக் கணக்குதான். நீங்க இருக்கிற நாட்டில் விதி என்ன என்று ஒருமுறை பாருங்க. உங்க வீட்டு அலமாரியிலும் ஒரு அட்டை கிடக்கலாம்.