பாய்ச்சினால் போதுமா? காய வேண்டாமா?
மண்ணில்லாக் கீரைத் தொட்டியில் வரும் கோளாறுகளும் அவற்றுக்குப் பரிகாரமும்

குமுளி பஸ் நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால் இந்த ஊரின் பிழைப்பு புரிந்துவிடும். கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஜீப்புகள் மலையேறி வருகின்றன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏலத் தோட்டங்களில் களையெடுக்கவும் காயெடுக்கவும் போகிற நம் பெண்கள். இதே மலைக்குள் 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு இறங்குகிறது. ஆள் மேலே வருகிறார். தண்ணீர் கீழே போகிறது.

மேலே வந்த நம்மவர்களில் பலருக்கு ஒரு முழம் மண் கிடையாது. தோட்டத்து லயத்தில் இருப்பவர்களுக்கு வாசல்படி. என்னைப்போல் கடையில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு வாடகை வீட்டு மொட்டைமாடி. கீரைக்கட்டு வேண்டுமென்றால் கீழேயிருந்து வரும் வண்டியைத்தான் நம்ப வேண்டும். அது வந்து சேரும்போது பாதி வாடியிருக்கும். அதனால்தான் மண்ணே இல்லாமல் கீரை வளர்க்கலாம் என்று கேள்விப்பட்டதும் ஆசை வந்தது. ஆசைப்பட்டுத் தொட்டி கட்டியவன் என்னென்ன அவதிப்பட்டேன், எப்படித் தப்பினேன் என்பதைச் சொன்னால் வாசக அன்பர்களுக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

புதுச் சரக்கல்ல

மண்ணில்லா விவசாயம் நேற்று முளைத்த சங்கதியல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கெரிக் 1930-களிலேயே உரநீரில் தக்காளியை ஆளுயரத்துக்கு மேல் வளர்த்துக் காட்டினார். ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயரை 1937-இல் பிரபலப்படுத்தியவரும் அவரே. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வித்ரோவும் ஆலிஸ் வித்ரோவும் சரளைக்கல்லில் செடியை நட்டு, அடியிலிருந்து உரநீரை ஏற்றி, பிறகு வடியவிடும் முறையைச் சீர்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் அசென்ஷன் தீவில் அமெரிக்கப் படையினர் சரளைத் தொட்டியில்தான் காய்கறி விளைவித்தார்கள்.

நம் நாட்டுக்கும் இது பழையதுதான். 1946-இல் வங்காளத்தின் மலையூரான காலிம்போங் பகுதியில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இந்த முறையை ஆராயத் தொடங்கினார். விலையுயர்ந்த யந்திரம் இல்லாமல் சாதாரணக் குடும்பமும் செய்யக்கூடியதாக அதை எளிமையாக்கி, 1951-இல் ‘வங்காள முறை’ என்று புத்தகமும் எழுதினார். அங்கும் மலை, அடைமழை. குமுளியில் ஏன் முடியாது?

தொட்டியின் அமைப்பு

நான் கட்டியது இதுதான். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், அரையடி ஆழமுள்ள பிளாஸ்டிக் தொட்டி மேலே. அதில் ஐந்து அங்குலத்துக்குக் கழுவிய கருங்கல் ஜல்லி. கீழே 60 லிட்டர் டிரம்மில் உரநீர். டிரம்முக்குள் ஏர்கூலரில் போடுகிற சின்ன பம்பு. டைமர் சொல்லும் நேரத்தில் பம்பு ஓடி மேல்தொட்டியை நிரப்பும். கால் மணி நேரத்தில் நின்றுவிடும். நின்றதும் தண்ணீர் வந்த வழியே டிரம்முக்கு இறங்கிவிடும். தப்பித்தவறி மட்டம் அதிகமானால் வடிய ஓவர்ஃப்ளோ பைப் ஒன்று உண்டு. அவ்வளவுதான் சாதனம்.

ஜல்லி மட்டுமே நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகையால் தொட்டியை மாடியின் நடுவில் வைக்காமல், அடியில் சுவரோ பீமோ ஓடுகிற இடத்தில் வையுங்கள்.

கோளாறு தொடங்கியது

முதல் இரண்டு வாரம் பாலக்கீரையும் புதினாவும் ஜோராக வந்தன. மூன்றாவது வாரம் மத்தியானத்தில் இலைகள் துவண்டன. தாகமாக்கும் என்று நினைத்து, நாளைக்கு நான்கு முறை பாய்ந்த தண்ணீரை எட்டு முறையாக்கினேன். மறுநாள் இன்னும் துவண்டது. இலை மஞ்சளானது. உரம் போதவில்லை என்று உரத்தையும் கூட்டினேன். செடி ஒவ்வொன்றாகச் சாய்ந்தது.

அது போதாதென்று ஒரு ராத்திரி ஓவர்ஃப்ளோ பைப் அடைத்துக்கொண்டு, தண்ணீர் மாடியில் வழிந்து, கீழே வீட்டுக்காரர் படுக்கையறைச் சுவரில் இறங்கிவிட்டது. காலையில் அவர் மேலே வந்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “அண்ணாச்சி, சுவரெல்லாம் நனஞ்சு போயி. இந்தப் பரிபாடி நமக்கு வேண்டா” என்றார். “ஒரு வாரம் பொறுங்கள் சேட்டா” என்று கெஞ்சினேன். தொட்டியைத் தூக்குவதா, வீட்டை மாற்றுவதா என்கிற நிலை. குமுளியில் சீசன் நேரத்தில் வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா துணி எடுக்க மாடிக்கு வந்தார். இருபது வருஷமாக ஏலத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். சாய்ந்த செடி ஒன்றைப் பிடுங்கி வேரை முகர்ந்து பார்த்தார்.

“தம்பி, இது தாகம் இல்ல. அழுகல். எங்க தோட்டத்துல மழைக்காலத்துல ஏலத்துக்கு வருமே, அதே மாதிரி நாத்தம். பாய்ச்சல் மட்டும் போட்டுட்டுக் காய்ச்சல் போடாம விட்டா வேரு எப்படிய்யா மூச்சு விடும்?”

ஜல்லியை ஒதுக்கிப் பார்த்தேன். பம்பு நின்று ஒரு மணி நேரம் ஆகியும் அடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் அப்படியே நின்றது. வேர்த் துணுக்கும் ஜல்லிப் பொடியும் வடிகால் வலையை அடைத்திருந்தன. நான் எட்டு முறை பாய்ச்சினேன். ஒரு முறைகூட வடியவில்லை!

வேரும் மூச்சு விடும்

அக்கா சொன்னதில்தான் இந்த முறையின் ரகசியம் முழுவதும் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் ஏறும்போது கற்களுக்கிடையே உள்ள பழைய காற்று வெளியேறுகிறது. இறங்கும்போது அந்தக் காலி இடத்துக்குப் புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. பாய்ச்சல் உணவு, வடிதல் மூச்சு. தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி, நீரை உறிஞ்சும் சக்தியை இழக்கிறது. அதனால்தான் தண்ணீரில் நின்றுகொண்டே செடி துவள்கிறது. பார்ப்பவருக்குத் தாகம்போல் தெரியும். மேலும் தண்ணீர் விடுவோம், வியாதி முற்றும்.

ஏலத்தில் அழுகலையும், மிளகில் துரித வாடலையும் உண்டாக்குவது பைட்டோப்தோரா என்னும் கிருமி. நீர் தேங்கும் இடம் அதற்குக் கொண்டாட்டம். ஆகவேதான் மழைக்கு முன்பே தோட்டங்களில் வடிகால் வெட்டுகிறார்கள். கீழே நெல்வயலில் நம் பெரியவர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று செய்ததை இன்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சிபாரிசு செய்கிறது. வயலில் துளையிட்ட குழாயை ஊன்றி, நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சச் சொல்கிறார்கள். மாடித் தொட்டிக்கும் அதே சட்டம்தான்.

எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது?

தண்ணீர் வடியவில்லை: முதலில் பார்க்க வேண்டியது இதுவே. பம்பு நின்று அரை மணி நேரத்துக்குள் தொட்டி காலியாக வேண்டும். ஆகாவிட்டால் வடிகால் வலையையும் பம்பின் சல்லடையையும் கழற்றிக் கழுவுங்கள். தொட்டியை வடிகால் பக்கம் அரை அங்குலம் சாய்த்து வையுங்கள். கொத்தனாரின் டியூப் லெவல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஜல்லி போடுமுன் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி எந்த மூலையில் தேங்குகிறது என்று பாருங்கள்.

தண்ணீர் ஏறவில்லை: பம்பின் அட்டையில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரை உயரத்துக்குத் தூக்காதபோது உள்ள கணக்கு. மூன்றடி நாலடி தூக்கும்போது வெகுவாகக் குறையும். ஆகவே டிரம்முக்கும் தொட்டிக்கும் உயர வித்தியாசம் குறைவாக இருக்கட்டும். பம்பைப் பழைய நைலான் வலைத்துணியில் சுற்றி வைத்தால் குப்பை ஏறாது. தண்ணீருக்குள் கைவிடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் பம்பைச் சொருகவே கூடாது.

தண்ணீர் வழிகிறது: என் வீட்டுக்காரர் சுவரை நனைத்தது இந்தத் தப்பு. ஏற்றும் குழாயும் ஓவர்ஃப்ளோ பைப்பும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. அரை அங்குலத்தில் ஏற்றினால் ஓவர்ஃப்ளோ ஓர் அங்குலமாவது வேண்டும். அதன் வாயில் சல்லடை மூடி போடுங்கள். ஜல்லியின் மேல்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழேயே தண்ணீர் நிற்கும்படி பைப்பை வெட்டுங்கள். மேலடுக்கு காய்ந்திருந்தால் பாசியும் கொசுவும் அண்டா.

எத்தனை முறை பாய்ச்சுவது: ஜல்லிக்குப் பகலில் மூன்று நான்கு முறை. தேங்காய்நார் கலந்தால் ஒன்றிரண்டு போதும். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரவில் வேண்டியதில்லை. தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும்: லிட்டருக்கு 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் சுமார் ஏழரை. குமுளிக் குளிர் நமக்கு அனுகூலம். கீழே கம்பத்தில் செய்கிறவர்கள் டிரம்மை நிழலில் வைக்க வேண்டும்.

இலை மஞ்சளாகிறது: அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனியிலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. பெரும்பாலும் தண்ணீரின் பி.எச். ஏறியிருக்கும், அது ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் கலந்த ஜல்லியும் பி.எச்.சை ஏற்றிவிடும். ஒரு கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்த ஜல்லி வேண்டாம். இலை ஓரம் கருகினால் உரம் அதிகம் என்று அர்த்தம். தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள்.

டிரம்மடியில் வெள்ளை வண்டல்: கால்சியம் நைட்ரேட்டையும் மற்ற உரங்களையும் கெட்டியாக ஒன்றாய்க் கலந்தால் இரண்டும் சேர்ந்து கல்லாகிவிடும், செடிக்குக் கிட்டாது. தனித்தனியே கரைத்து, டிரம் நிறையத் தண்ணீர் இருக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுங்கள். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 மட்டும் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதில் கால்சியம் இல்லை. தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாவாக இருப்பதால் மண்ணின் நுண்ணுயிர் இல்லாத ஜல்லியில் அது சரியாகப் பயன்படாது. மண்ணில்லா விவசாயத்துக்கென்றே விற்கும் இரட்டைப் பாக்கெட் உரமே நல்லது.

மழை: ஜூன், ஜூலையில் திறந்த தொட்டியில் உரம் கரைந்தோடிவிடும். மேலே கண்ணாடிபோல் தெரியும் பாலிதீன் ஷீட்டைச் சரிவாகக் கட்டுங்கள். டிரம்மை எப்போதும் மூடி வையுங்கள். ஒளி புகுந்தால் பாசி. இடைவெளி இருந்தால் டெங்குக் கொசு.

அழுகல் வந்துவிட்டால்: எல்லாச் செடியும் ஒரே தண்ணீரைக் குடிப்பதால் ஒன்றின் நோய் அத்தனைக்கும் பரவும். கண்டவுடன் பிடுங்கி எறியுங்கள். உரநீரை முழுக்க மாற்றுங்கள். அறுவடை முடிந்ததும் ஜல்லியையும் தொட்டியையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்து, வாசனை போகும்வரை அலசுங்கள்.

கரண்ட் இல்லாவிட்டால்?

மழைக்காலத்தில் லைனில் மரம் விழுந்தால் மணிக்கணக்கில் மின்சாரம் வராது. முள் சுற்றும் டைமரும் அத்தனை மணி பின்தங்கிவிடும். கரண்ட் வந்ததும் அதைத் திருத்தி வையுங்கள். லயத்தில் இருப்பவர்களுக்குப் பம்பே வேண்டாம் என்பேன். பழைய காலத்து வாளி முறை இருக்கிறதே! தொட்டியின் அடியில் ஒரு ரப்பர் குழாய். அதன் மறுமுனை வாளியின் அடியில். வாளியை ஆணியில் உயர மாட்டினால் உரநீர் தொட்டிக்கு ஏறும்; கால் மணி கழித்துத் தரையில் வைத்தால் தானாக வாளிக்கே திரும்பும். சின்னத் தொட்டிக்கு ஒரு வாளி தாராளம். காலை வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. தேங்காய்நார் கலந்த தொட்டியாக இருந்தால் அதுவே போதும். ஆணி மட்டும் கெட்டியாக இருக்கட்டும்!

வீட்டுக்காரர் கொடுத்த ஒரு வாரத்தில் நான் செய்தது அதிகமில்லை. வலையைக் கழுவினேன், தொட்டியைச் சாய்த்தேன், ஓவர்ஃப்ளோ பைப்பைப் பெரிதாக்கினேன், உரநீரை மாற்றினேன், எட்டு முறையை மறுபடி நான்காக்கினேன். புது நாற்று பத்து நாளில் வெள்ளை வெளேரென்று வேர் விட்டது. பழைய உரநீர் வீட்டுக்காரரின் கறிவேப்பிலை மரத்துக்குப் போகிறது. வாரம் இரண்டு கட்டுக் கீரை அவர் வீட்டுக்கும், ஒரு கட்டு அக்கா வீட்டுக்கும் போகின்றன. சுவரின் ஈரம் காய்ந்துவிட்டது. தொட்டி மாடியிலேயே இருக்கிறது.

நீங்களும் முயன்று பாருங்கள். மீட்டரும் மருந்தும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பாய்ச்சிய தண்ணீர் முழுவதும் வடிந்ததா என்று மட்டும் தினம் ஒருமுறை ஜல்லியை விலக்கிப் பார்த்துவிடுங்கள்.