கிரீச் சத்தம் கேட்டதும் கிரீஸ் அடிக்கலாமா?



பால் கேன் ஏற்றவும், காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு போகவும் கடன் வாங்கி லோடு வண்டி ஓட்டும் குழுக்கள் உண்டு. 2005-இல் வந்த டாட்டா ஏஸை நம்ம பக்கம் 'குட்டி யானை' என்றே சொல்கிறோம். அப்படி ஒரு வண்டியோ, பழைய ஆம்னியோ, எதுவானாலும் அது குழுவின் சொத்து. ஓட்டுவது டிரைவர், பழுது பார்ப்பது மெக்கானிக். ஆனா பணம் கொடுப்பது நாம்தான். அதனால் வண்டிக்கு அடியில் என்ன நடக்குதுன்னு நமக்கும் தெரிஞ்சிருக்கணும்.

கிணற்றுச் சகடை கிரீச்சிட்டால் எண்ணெய் விடுவோம். மாட்டு வண்டி அச்சுக்கு மை போடுவோம். அதே பழக்கத்தில், லோடு வண்டியின் அடியில் சத்தம் கேட்டதும் "ஆயில் அடிங்க" என்கிறோம். சில இடத்தில் அது சரி. சில இடத்தில் அதுவே பொருளைக் கெடுத்துவிடும். இடம் பார்த்துத்தான் எண்ணெய் போடணும். மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. ரப்பர் புஷ்: எண்ணெய் வேண்டாம்

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியோடு சேரும் இடத்தில், தடித்த வளையம் மாதிரி இருப்பதுதான் புஷ். பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான வண்டிகளில் இது ரப்பர். பல புஷ்களில் ரப்பரை உள்ளேயும் வெளியேயும் இரும்புக் குழாயோடு ஒட்டியே செய்திருப்பார்கள். அது வழுக்கிச் சுழலாது, முறுங்கித் திரும்பும். வழுக்க வேண்டாத இடத்தில் எண்ணெய்க்கு என்ன வேலை?

வேலை இல்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும் உண்டு. டீசல், பழைய இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதி, மெத்தென்று ஆகி, பலம் இழக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு ரப்பர் பேண்டை இன்ஜின் ஆயிலில் இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். தண்ணீர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் ஆயில் அடிக்கும் வழக்கம் சில பட்டறையில் இருக்கு. "ரப்பர் மேலே படாமல் பார்த்துக்கோங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

புது ரப்பர் புஷ் இறுக்கமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும். கையில் ஏறாத வளையலுக்கு நாம் செய்வதுதான். பிறகு அது காய்ந்துவிடும். இன்னொன்று முக்கியம்: வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தின் மேல் பாரம் வந்த பிறகே போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடியே முறுக்கினால், புஷ் எப்போதும் முறுங்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

2. பி.யூ. புஷ்: சிலிக்கான் கிரீஸ்

தனியாகக் கடையில் வாங்கிப் போடும் புஷ்களில், பாலியூரித்தேன் என்ற கெட்டியான பொருளில் செய்ததும் உண்டு. கடைக்காரர் 'பி.யூ. புஷ்' என்பார். இதன் நடுவில் உள்ள குழாய் வழுக்கிச் சுழலும். கிரீஸ் இல்லாவிட்டால் கிரீச்சிடும். இதற்குப் பொதுவாகச் சொல்வது சிலிக்கான் கிரீஸ். பல நேரம் பாக்கெட்டிலேயே கொடுப்பார்கள். மாட்டும்போதே உள்ளே தடவ வேண்டும். சத்தம் திரும்ப வந்தால் கழற்றி, துடைத்து, மறுபடி தடவணும். வெளியிலிருந்து ஸ்பிரே அடித்தால் உள்ளே போகாது.

3. இரும்பு மூட்டு: கிரீஸ் கட்டாயம்

பால் ஜாயிண்ட், கிங்பின், ஸ்பிரிங் பட்டை மாட்டிய பின் போன்ற இடங்களில் இரும்பும் இரும்பும் உரசும். கிரீஸ் நிப்பிள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதலில் நிப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணும் உள்ளே போகும். பின்பு வண்டிப் புத்தகத்தில் சொன்ன கிரீஸை அடிக்கணும். கிங்பின்னில் பழைய அழுக்குக் கிரீஸ் வெளியேறி, புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடிக்கலாம். பால் ஜாயிண்டின் ரப்பர் உறை லேசாக உப்பினாலே நிறுத்த வேண்டும். மிஞ்சினால் உறை வெடிக்கும். நிப்பிள் இல்லாமல் மூடியே வரும் ஜாயிண்டுக்கு வெளியே தடவிப் பயனில்லை.

உறை கிழிந்து, ஜாயிண்ட் ஆட்டம் கண்டிருந்தால் கிரீஸ் காப்பாற்றாது. மாற்றியே ஆக வேண்டும். பால் ஜாயிண்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கும். பின்னால் பால் கேனோடு நம் பெண்களும் உட்கார்ந்து வரும் வண்டி அது என்பதை மறக்க வேண்டாம்.

டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்வது, பள்ளத்தில் 'டக் டக்' சத்தம், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது, இவை அறிகுறிகள். உடனே காட்டுங்கள். கிரீஸ் பூசிச் சத்தத்தை மட்டும் அடக்கினால் பழுது உள்ளேயே வளரும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் வண்டிக்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், எந்தப் பாகத்துக்கு என்ன கிரீஸ், என்ன மாற்றினார்கள் என்று எழுதுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பில்லில் வெறும் 'சர்வீஸ்' என்று இருந்தால், பாகத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை. தவணை கட்டுவது நாம்தானே!