உங்களுக்குத் தெரியுமா? ஷார்டனேயின் வெண்ணெய் மணம் பீப்பாய் தருவதல்ல

பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் உள்ள மெர்சோ என்ற ஊர் ஷார்டனே திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயினுக்குப் பெயர்பெற்றது. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாலே வெண்ணெய் மணக்கும். ஓக் மரப் பீப்பாயில் ஊறியதால் வந்த மணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாக்டீரியாவின் கைவண்ணம்!

குளிர்ப் பிரதேசத்தில் திராட்சை மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுமே, அந்த மாலிக் அமிலமும் அதில் நிறைய இருக்கும். 'ஈனோகாக்கஸ் ஈனி' என்ற பாக்டீரியா இதைத் தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. புளிப்பின் கூர்மை மழுங்குகிறது. கூடவே டைஅசிட்டைல் என்ற பொருளும் உண்டாகிறது. வெண்ணெய்க்கு மணம் கொடுப்பதும் இதுவேதான்.

பீப்பாயின் பங்கு வேறு. பர்கண்டியில் வழக்கமான பீப்பாய் 228 லிட்டர் கொள்ளும். உட்புறத்தை நெருப்பில் வாட்டியிருப்பார்கள். வனிலா, கிராம்பு, லேசான புகை வாசம் எல்லாம் அங்கிருந்து வருபவை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் இந்த மணங்களில் பாதி தெரியாது. 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். வெண்ணெயில் வாட்டிய சிங்கி இறால், வறுத்த முழுக்கோழி, காம்டே சீஸ் ஆகியவை அருமையான ஜோடி. மிஞ்சியிருக்கும் புளிப்பு கொழுப்பின் திகட்டலைப் போக்கிவிடும். மிளகாய்க் காரம் மட்டும் வேண்டவே வேண்டாம்: ஆல்கஹாலின் எரிச்சல் கூடி, ஓக் கசப்புதான் நாக்கில் நிற்கும்.