பூவைப் பார்த்துத் தீ மூட்டுவோர்

டிசம்பரில் கோடை, ஜூனில் குளிர் என்பது ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பியர் வகுத்த கணக்கு. தம் நாட்டின் நான்கு பருவங்களைத் தலைகீழாக்கி அங்கே பொருத்திவிட்டனர். தென்பகுதிக்கு அஃது ஓரளவு பொருந்தலாம். வடபகுதிக்குச் சற்றும் ஒவ்வாது. ஐப்பசியில் அடைமழையை எதிர்பார்த்து வளர்ந்து, ஆனியிலேயே மழை கொட்டும் மும்பையில் குடியேறிய நம்மவர்க்கு இது விளங்காததன்று.

டார்வின் நகரத்திற்குக் கிழக்கேயுள்ள காக்கடு நிலப்பரப்பின் பூர்வகுடியினர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுக்கின்றனர். நம் முன்னோரும் ஆறென்றே வகுத்தனர். எண் ஒத்தது தற்செயலே. அவர்கள் பருவத்துக்குத் தேதி குறிப்பதில்லை. காற்றும் புல்லும் பூவுமே அதன் வரவை அறிவிக்கும்.

குஜெவுக் என்னும் பெருமழைப் பருவத்தில் ஈட்டிப்புல் ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஏப்ரலையொட்டிச் சூறைக்காற்று வீசி அதைத் தரையோடு சாய்த்தால், அது பங்கெரெங். பின்னர்க் காலையில் மூடுபனி இறங்க, அல்லி நீர்நிலைகளை நிறைக்கும் காலம் யெக்கே. அப்பொழுது யூகலிப்டஸ் இனத்து மரமொன்று செம்மஞ்சளாகப் பூக்கும். தீ மூட்டலாம் என்பதற்கு அப்பூவே அடையாளம்.

காட்டைக் கொளுத்துவதா என்று நேயர்கள் திகைக்கலாம். புல் பாதி காய்ந்தும் பாதி ஈரமாயும் உள்ள வேளை அது. பகற்காற்று தீயைச் சிறிது தூரம் நகர்த்தும்; இரவுப் பனி அவித்துவிடும். ஆங்காங்கே சிறு திட்டுகள் மட்டுமே எரியும், மரங்கள் தப்பும். துளிர்க்கும் இளம்புல்லை மேயக் கங்காருக்கள் வரும். எரிந்த திட்டுகளோ பின்னர் எழும் பெருந்தீயைத் தடுத்து நிறுத்தும். மூன்று நான்கு மாதம் தாழ்த்தினால், சருகு முறுகிய காட்டுக்கு ஒரு பொறி போதும்.

உணவுக்கும் இத்தகைய குறிகள் உண்டு. நம் கோங்க மரத்தின் இனமான, மஞ்சட் பூப்பூக்கும் சிறு மரமொன்று வடபகுதியில் வளர்கிறது. அது மலர்ந்தால், ஆற்றங்கரையில் நன்னீர் முதலைகள் முட்டையிடுகின்றன என்று அறிந்துகொள்வர். ஆற்றை எட்டிப் பார்க்கவும் வேண்டுவதில்லை!

காக்கடுவை அடுத்த ஆர்னம் மேட்டுநிலத்து மக்கள் இருபதாம் நூற்றாண்டில் பாதிரிமார் நிலையங்களுக்கும் ஊர்களுக்கும் பெயர்ந்தனர். குறியறிந்து தீ மூட்ட அங்கே ஆளில்லை. ஆண்டுதோறும் வறட்சியின் கடைசியில் பெருந்தீ பரவி மேட்டுநிலத்தைப் பாழாக்கிற்று. 2006 முதல், முதியோரின் அறிவைத் துணைக்கொண்டு பழைய முறை அங்கே விரிவாக மீட்கப்பட்டுள்ளது. இப்பொழுது நடந்து செல்வோரோடு ஹெலிகாப்டரில் பறப்போரும் தீ மூட்டுகின்றனர். முந்திய தீ, பிந்திய தீயைவிடக் குறைவான வாயுக்களையே வெளிவிடும். அக்குறைவுக்கு ஈடாக அம்மக்களுக்குப் பணமும் வருகிறது.